காந்திகிராமம் டு தனுஷ்கோடி: ஒரே நாளில் போய் வர முடியுமா?

'சனிக்கிழமை காலையில கிளம்புனா தனுஷ்கோடி பார்த்துட்டு ராத்திரியே வந்துடலாம்ல?'

திண்டுக்கல், சின்னாளபட்டி, காந்திகிராமம் பக்கம் இருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. நமக்கு மலை பக்கத்திலேயே இருக்கிறது. சிறுமலை கண்ணுக்கு எதிரில், கொடைக்கானல் கை நீட்டினால் எட்டும் தூரத்தில். கடல்தான் தூரம். அதனால் ஒரு லீவு கிடைத்தாலே மனசு ராமேஸ்வரம் பக்கம் ஓடுகிறது.

சுருக்கமான பதில்: முடியும். ஆனால் ரீல்ஸில் பார்க்கிற எட்டு இடங்களையும் லிஸ்ட் போட்டுக்கொண்டு கிளம்பினால் முடியாது. எதை விடுவது என்று முந்தின நாளே முடிவு செய்தால்தான் முடியும். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொரியாக்காரர்கள் எப்படிப் போகிறார்கள்?

கே-டிராமா பார்ப்பவர்களுக்குத் தெரிந்த காட்சிதான். சோல் நகரத்தில் வேலை பார்க்கும் ஹீரோயினுக்கு மனசு சரியில்லை. காலையில் ரயில் ஏறுகிறார், கடலைப் பார்க்கிறார், காபி குடிக்கிறார், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிறார். இப்படி ஒரே நாளில் போய்த் திரும்புவதற்குக் கொரிய மொழியில் 'தாங்கில்ச்சிகி' என்று தனி வார்த்தையே உண்டு.

சோல்காரர்கள் இப்படி அடிக்கடி போகும் ஊர்களில் ஒன்று, கிழக்குக் கடற்கரையில் உள்ள காங்னுங். 'காப்ளின்' தொடரில் வரும் அலைத்தடுப்புச் சுவர், பி.டி.எஸ். ஆல்பம் அட்டையில் வந்த பஸ் ஸ்டாப் எல்லாம் அந்த ஊர்க் கடற்கரையில்தான் இருக்கின்றன. கடலை ஒட்டியே இருக்கும் ஜங்டோங்ஜின் ரயில் நிலையமும் அங்கேதான். 1995-ல் வந்த ஒரு டிவி தொடரால் பிரபலமான ஸ்டேஷன் அது.

சோலிலிருந்து காங்னுங் 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காந்திகிராமத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 230 கிலோமீட்டர். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 2018 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காக 2017 டிசம்பரில் அந்தப் பாதையில் அதிவேக ரயில் வந்தது. அவர்கள் இரண்டு மணி நேரத்தில் கடல்கிட்ட போய் இறங்கிவிடுகிறார்கள். காரை யார் ஓட்டுவது என்ற கேள்வியே அங்கே வராது.

நமக்கு அந்த ரயில் இல்லை. அதனால் அவர்களுடைய பிளானை அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஆனால் அவர்களிடமிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். காங்னுங் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரை முழுவதையும் ஒரே நாளில் சுற்றுவதில்லை. ஒரு ஊர், அதில் ஒரு கடற்கரைத் துண்டு, நிதானமாக ஒரு காபி. அவ்வளவுதான்.

முதலில் கிலோமீட்டர் கணக்கு

காந்திகிராமத்திலிருந்து நான்குவழிச் சாலையில் கொடைரோடு வழியாக மதுரை. மதுரைக்குள் நுழையாமல் ரிங் ரோட்டில் சுற்றி விரகனூர். அங்கிருந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பாலம், ராமேஸ்வரம். ராமேஸ்வரம் ஊரிலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு இன்னும் 20 கிலோமீட்டருக்கு மேல்.

ஆக, ஒரு வழிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். போக வர 500.

கூகுள் மேப் காட்டும் நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். டீ குடிக்க ஒரு இடத்தில் நிறுத்துவீர்கள், டோல்கேட்டில் நிற்பீர்கள், யாராவது ஒருவர் பாத்ரூம் போக வேண்டும் என்பார். ராமேஸ்வரத்துக்கு நான்கரை மணி நேரம், அரிச்சல்முனை வரை ஐந்து மணி நேரத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்குச் சரி.

அப்படியானால் காரில் மட்டுமே பத்து மணி நேரம். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி இரவு 9.30-க்கு வீடு திரும்பினால் கையில் மொத்தம் பதினேழரை மணி நேரம் இருக்கிறது. பயணத்துக்குப் பத்தரை, டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஒன்றரை. மிச்சம் ஐந்தரை மணி நேரம்.

இந்த ஐந்தரை மணி நேரத்தில் எத்தனை இடம் பார்க்க முடியும்? நிம்மதியாக என்றால் மூன்று, இழுத்துப் பிடித்தால் நான்கு. ஐந்தாவது இடத்தைச் சேர்த்தால், அதற்கான நேரத்தைத் திரும்பி வரும் இருட்டுச் சாலையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

பிளானைக் கடைசியிலிருந்து போடுங்கள்

பெரும்பாலானோர் 'காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்' என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். திரும்ப வேண்டிய நேரத்தை முதலில் எழுதுங்கள். இந்தப் பயணத்தில் மூன்று நேரங்கள் நம் கையில் இல்லை.

ஒன்று, தனுஷ்கோடி செக்போஸ்ட். பொதுவாக காலை 6 மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். மாலை 5 மணிக்கு மேல் போகிற வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புயல் எச்சரிக்கை, கடல் சீற்றம் என்றால் அன்றைக்கு முழுவதுமே தடை இருக்கலாம். 250 கிலோமீட்டர் ஓட்டிப்போய் தடுப்புக்கு முன்னால் நின்று திரும்புவதைவிட மோசமான ஏமாற்றம் இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலை அறிவிப்பையும் மாவட்டச் செய்திகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு, ராமநாதசுவாமி கோயில் நடை. மதியம் 1 மணி வாக்கில் சாத்தினால் 3 மணிக்குத்தான் திறக்கும். பன்னிரண்டரைக்குப் போய் வரிசையில் நின்றால் சுவாமி பார்ப்பதும் சந்தேகம், சாப்பாடும் தள்ளிப்போகும்.

மூன்று, சூரியன். ராமேஸ்வரத்தில் டிசம்பரில் மாலை 6 மணியளவில் மறையும், ஜூனில் 6.30-ஐத் தாண்டும். மறைந்த பிறகு சாலையின் குணமே மாறிவிடுகிறது. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்குவழிச் சாலை. அதற்கப்பால் ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் எதிர் வண்டியின் ஹெட்லைட் நேராகக் கண்ணில் அடிக்கும் பாதை. பரமக்குடி - ராமநாதபுரம் இடையிலான 46.7 கிலோமீட்டரை நான்குவழியாக மாற்ற மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில்தான் ஒப்புதல் கொடுத்தது.

எனவே ரூல் இதுதான்: இருட்டும்போது நீங்கள் ராமநாதபுரத்தை நெருங்கியிருக்க வேண்டும். அப்படியென்றால் மாலை 4.30-க்கு ராமேஸ்வரத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும். இந்த நேரத்தை முதலில் எழுதிவிட்டு, மேல்நோக்கி மற்றதை நிரப்புங்கள்.

தூரமான இடம் முதலில்

வழியில் வரும் இடங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவதுதான் பலரின் வழக்கம். தேவிபட்டினம் இறங்கலாம், அரியமான் பீச் பார்க்கலாம், பாம்பனில் போட்டோ எடுக்கலாம், கலாம் நினைவகம், கோயில்... கடைசியில் தனுஷ்கோடி செக்போஸ்ட்டில் மணி ஐந்தேகால்!

இதைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் நேராக அரிச்சல்முனை. அதற்குப் பிறகு நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு இடமும் வீட்டுக்குப் பக்கமாக வந்துகொண்டே இருக்கும். நேரம் போதவில்லை என்றால் கடைசி இடத்தை வெட்டிவிட்டுக் கிளம்பலாம். எதற்காக வந்தீர்களோ அதை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

ஒரு மாதிரி அட்டவணை:

அதிகாலை 4.00: காந்திகிராமத்திலிருந்து கிளம்பல்.

காலை 7.30: ராமநாதபுரத்தில் டிபன். அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். டேங்க்கையும் இங்கேயே நிரப்பிவிடுங்கள்.

9.00: பாம்பன். இருபது நிமிடம்.

10.10: அரிச்சல்முனை. ஒன்றேகால் மணி நேரம்.

11.40: பழைய தனுஷ்கோடி இடிபாடுகள். நாற்பது நிமிடம்.

1.00: ராமேஸ்வரத்தில் மதியச் சாப்பாடு.

இதற்குப் பிறகு இரண்டு வழி இருக்கிறது. கோயில் வேண்டாம் என்பவர்கள், பாம்பன் திரும்பும் வழியில் பேக்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவகத்தைப் பார்த்துவிட்டு 3 மணிக்கே கிளம்பலாம். இரவு 8 மணிக்கு வீட்டில் இருப்பீர்கள். கோயில் வேண்டும் என்பவர்கள் 3 மணி நடைத் திறப்புக்கு முன்னாலேயே வரிசையில் நின்று, 4.30-க்குக் கிளம்பினால் வீடு சேர 9.30 ஆகும்.

இரண்டும் வேண்டும் என்றால் அது ஒரு நாள் பிளான் இல்லை. கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும் என்றாலும் அப்படித்தான். கோயிலுக்குள் செல்போன் அனுமதி கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள். போனைக் கொடுத்து வாங்குவதற்கே தனி நேரம் பிடிக்கும்.

'சன்ரைஸ் பார்க்கணுமே!'

தனுஷ்கோடி சூரிய உதயம் அழகுதான். அதற்கு நீங்கள் ராத்திரி 12.30-க்கே கிளம்ப வேண்டும். அதாவது ஓட்டுபவர் தூங்கவே இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க ஆபீஸில் இருந்துவிட்டு, இரவெல்லாம் ஓட்டி, பகலெல்லாம் வெயிலில் நின்று, மறுபடி ஐந்து மணி நேரம் ஓட்டுவது. இதை 'அட்வென்ச்சர்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தூக்கக் கலக்கத்தில் ஸ்டீயரிங் பிடிப்பது ஆபத்து, அதில் மறுபேச்சே இல்லை. பின் சீட்டில் நான்கு பேர் அசந்து தூங்கும்போது அந்த ஒருவருக்கும் கண் சொருகும்.

உதயம்தான் முக்கியம் என்றால் ராமேஸ்வரத்தில் ஒரு இரவு தங்குங்கள். ஒரே நாள்தான் என்றால் உதயத்தை விட்டுவிடுங்கள். அதேபோல பாம்பன் பாலத்து அஸ்தமனத்தையும்.

ஓட்டத் தெரிந்தவர்கள் இருவராவது இருந்தால்தான் காரில் கிளம்பலாம் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். ஒருவர்தான் என்றால் டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள். அவரும் மனிதர்தான். முந்தின இரவு அவர் தூங்கினாரா என்று கேளுங்கள். மதியம் நீங்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் அவர் வண்டியில் சாய்ந்து ஒரு மணி நேரம் கண் மூடட்டும்.

கார் இல்லாதவர்களுக்கு

பஸ்ஸில் போகலாம், ஆனால் ஒரு சிக்கல். திண்டுக்கல் பக்கத்து பஸ்கள் மதுரையில் ஆரப்பாளையத்தில் நிற்கும். ராமேஸ்வரம் பஸ் ஏற மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டும். இந்த இடமாற்றத்துக்கே முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து நாலு மணி நேரப் பயணம். வெள்ளிக்கிழமை இரவே மதுரை போய் ராத்திரி பஸ்ஸைப் பிடித்தால் விடிகாலையில் ராமேஸ்வரத்தில் இறங்கலாம். தூக்கம் அரைகுறைதான். ஆனால் ஓட்ட வேண்டியது நீங்கள் இல்லை.

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் காலையில் பாசஞ்சர் ரயிலும் உண்டு. மெதுவாகத்தான் போகும். ஆனால் பாம்பன் கடலைத் தண்டவாளத்தின் மேலிருந்து பார்ப்பது ரயிலில் போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் காட்சி. காங்னுங் ரயிலுக்குக்கூட கடலுக்கு மேலே இரண்டு கிலோமீட்டர் ஓடும் பாக்கியம் இல்லை! நேரம் அவ்வப்போது மாறும் என்பதால் போகும் வாரத்தில் ரயில்வே ஆப்பில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு அரசு டவுன் பஸ் போகிறது. ஆட்டோவில் போவதானால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ரேட் பேசிக்கொண்டு ஏறுங்கள்.

எந்த மாதம், எந்தக் கடல்?

தனுஷ்கோடியில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல் என்றும், அலையடிப்பதை ஆண் கடல் என்றும் அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள்.

எந்தக் கடல் எப்போது கொந்தளிக்கும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடா பக்கம் முரட்டுத்தனமாக இருக்கும். ஆடிக் காற்றில் மணல் பறந்து சாலையில் படியும், முகத்தில் ஊசி மாதிரி குத்தும். வடகிழக்குப் பருவம் வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாக் நீரிணைப் பக்கம் சீறும். புயல் சின்னங்கள் உருவாகும் காலமும் அதுதான்.

நமக்கு வசதியானது ஜனவரி முதல் மார்ச் வரை. வெயில் தாங்கும்படி இருக்கும். தனுஷ்கோடிப் பக்கத்துச் சதுப்பில் பூநாரைகள் வந்து நிற்கும் காலமும் இது. அந்தப் பகுதியை, சுமார் 525 ஹெக்டேர் பரப்பை, பூநாரைகள் சரணாலயமாகத் தமிழக அரசு 2025 ஜூனில் அறிவித்தது. பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். டிரோன் வேண்டாம். அது எல்லைப் பகுதி, பறவைகளுக்கும் தொந்தரவு.

தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் தர்ப்பணம் கொடுக்க லட்சக்கணக்கில் கூட்டம் வரும். அந்த வேலையாகப் போனால் சரி. சுற்றிப்பார்க்க என்றால் காலண்டரில் அந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

மீன் சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் கவனிக்க: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கிடைக்கும், ஆனால் வகையும் குறையும், விலையும் ஏறும்.

பாம்பனில் என்ன பார்க்க வேண்டும்?

பாம்பன் தீவுக்கு 1914-ல் ரயில் பாலம் வந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும் பாலம் அது. சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. அதுவரை எழுபது வருடங்களுக்கு மேல் தீவுக்குப் போக ரயிலை விட்டால் படகுதான்.

பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில்கள் நின்றன. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. இதில் நடுவில் 72 மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள பகுதி, லிஃப்ட் மாதிரி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். 'பாலம் தூக்குறதைப் பார்த்துட்டுப் போலாம்' என்று காத்திருக்க வேண்டாம். கப்பல் வரும்போதுதான் தூக்குவார்கள். ரயில் கடக்கும் நேரம் உங்கள் நேரத்தோடு ஒத்துப்போனால் அதிர்ஷ்டம்.

ஒரு கோரிக்கை: சாலைப் பாலத்தின் மேல் வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். குறுகலான பாலம். ஒரு கார் நின்றால் பின்னால் ஆம்புலன்ஸும் நிற்கும். பாலத்துக்கு முன்போ பின்போ நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

தனுஷ்கோடி: அங்கே என்ன நடந்தது?

இந்தப் பயணத்தின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

தனுஷ்கோடி ஒரு காலத்தில் துறைமுக ஊர். சென்னையிலிருந்து 'போட் மெயில்' ரயிலில் இங்கே வந்து இறங்கி, கப்பல் ஏறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போனார்கள். அங்கே மறுபடி ரயில் ஏறி கொழும்பு. கடல் தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்கள், வியாபாரிகள், உறவினரைப் பார்க்கப் போனவர்கள் என எத்தனையோ குடும்பங்களின் பயணம் இந்த ஊர் வழியாக நடந்தது. ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், தேவாலயம், பள்ளி என எல்லாம் இருந்தன.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கிய நேரத்தில் பேரலையில் மூழ்கியது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊரே அழிந்தது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ரயில் பாதை ராமேஸ்வரத்தோடு முடிந்துபோனது.

நீங்கள் இன்று ஏசி காரில் போகும் அந்தச் சாலை, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும், 2017-ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் வேன், ஜீப்தான் போகும்.

ஆகவே, பவளக்கல்லால் கட்டிய அந்தத் தேவாலயத்தின் சுவர் ஒரு 'போட்டோஷூட் ஸ்பாட்' மட்டும் இல்லை. போட்டோ எடுக்கலாம், தப்பில்லை. சுவர் மேல் ஏறி நிற்பது, கல்லைப் பெயர்ப்பது, காதலர் பெயர் கிறுக்குவது வேண்டாம். சுவர்கள் உப்புக்காற்றில் ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அரசு என்ன அறிவித்தாலும் மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே கடலை நம்பி வாழ்கின்றன. அந்தக் குடிசைகளுக்குள் கேமராவை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. டீயோ, மீன் வறுவலோ வாங்கினால் அவர்களுக்கும் இந்தச் சுற்றுலாவில் ஒரு பங்கு கிடைக்கும்.

தண்ணீரில் இறங்கலாமா?

அரிச்சல்முனையில் கூடாது. இரண்டு கடல் சேரும் முனையில் நீரோட்டம் வேகமாக இழுக்கும். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் காலுக்குக் கீழே மணல் நகரும். நீச்சல் தெரியும் என்பது அங்கே பெரிய தகுதி இல்லை. நம்மில் பலர் கிணற்றில் நீந்தப் பழகியவர்கள். கிணற்றில் நீரோட்டம் கிடையாது.

குழந்தைகள் கால் நனைத்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையோ, மண்டபத்துக்கு முன்னால் வரும் அரியமான் கடற்கரையோ பரவாயில்லை. இரண்டும் பாக் நீரிணைப் பக்கம். வடகிழக்குப் பருவத்தில் மட்டும் அங்கேயும் எச்சரிக்கை தேவை.

பையில் என்ன, பையில் எவ்வளவு?

தனுஷ்கோடியில் நிழல் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, குடை அவசியம். சுத்தமான கழிப்பறையை எதிர்பார்த்து உள்ளே போகாதீர்கள். வழியில் ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ போய்விடுங்கள். பெண்களும் வயதானவர்களும் வரும் குழுவென்றால் இதற்கென்றே ஒரு நிறுத்தம் பிளானில் இருக்கட்டும்.

முனைக்குப் பக்கத்தில் சில போன்கள் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கும். ரோமிங்கை ஆஃப் செய்துவிடுங்கள். மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்வதும் நல்லது. சாலை ஓரத்து மணலில் காரை இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும். ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும், ஜாக்கிரதை.

கடையில் பவளப்பாறைத் துண்டு விற்றால் வாங்காதீர்கள். கரையில் கிடந்தாலும் எடுக்காதீர்கள். பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வைத்திருந்தாலே குற்றம்.

செலவு? 500 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் காரென்றால் 31 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 3,100 ரூபாய். நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 800-க்குள் வரும். டோல், சாப்பாடு தனி. கொண்டுபோன பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்பக் காரிலேயே கொண்டுவர இடம் விடுங்கள். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், பவளப்பாறை, கடல்பசு, ஆமை என்று ஒரு தேசியப் பூங்காவே இருக்கிறது. நாம் வீசும் பாட்டில் போய்ச் சேரும் இடம் அதுதான்.

குரூப்பில் ஷேர் செய்ய

'கடல் பார்த்தால் போதும், தனுஷ்கோடிதான் வேண்டும் என்றில்லை' என்பவர்களுக்கு இன்னொரு வழி. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம், பிறகு அரியமான் கடற்கரை என்று இரண்டே இடம். பாம்பனைத் தாண்ட வேண்டாம். காலை 6 மணிக்கு நிதானமாகக் கிளம்பி, பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பலாம். சின்னக் குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் இதுதான் நல்ல பிளான்.

தனுஷ்கோடியேதான் என்றால், குரூப்பில் இன்றே கேட்டு முடிவு செய்ய வேண்டியவை ஐந்து. ஓட்டப்போகும் இரண்டு பேர் யார்? அவர்கள் முந்தின இரவு 9 மணிக்குப் படுத்துவிடுவார்களா? கோயிலா, கலாம் நினைவகமா? அந்த வாரம் வானிலை எப்படி? மாலை 4.30 ஆனதும் 'கிளம்பு, கிளம்பு' என்று எல்லாரையும் விரட்டும் பொறுப்பு யாருக்கு?

கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் தைரியமாகக் கிளம்பலாம்.